நிலத்தின் குணம் ஒயினில் நிற்க: தோட்டத்துக் குழி முதல் பீப்பாய் வரை

ஒரே ரகம், ஒரே ஆண்டு, ஒரே கைப்பக்குவம். அப்படியிருந்தும் சரிவின் மேற்பகுதியில் விளைந்த பழத்தின் ஒயினும் அடிவாரத்துப் பழத்தின் ஒயினும் வேறு வேறாகச் சுவைக்கின்றன. பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் இந்த வேறுபாட்டை நூற்றாண்டுக் கணக்கில் கவனித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலத்துண்டுகளுக்குத் தனிப் பெயரும் எல்லையும் வகுத்திருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் குணத்தை ஒயின் செய்பவர் கையால் சேர்க்க முடியாது. துண்டுகளைக் கலக்காமல் பிரித்து வைக்கலாம், பிரித்தவற்றை ஒரே விதமாக நடத்தலாம், வேறெந்த வாசனையும் மேலே ஏறாமல் காக்கலாம். வேலை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். கல்லின் சுவை வேர்வழி ஏறிப் பழத்துக்கு வருவதில்லை. கொடி எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த உப்புகளை. அவை ஒயினில் இருக்கும் அளவு பெரும்பாலும் நாக்குக்கு எட்டாது. மண் பேசுவது தண்ணீர், வெப்பம், தழைச்சத்து ஆகியவற்றின் வழியாக. போர்தோவின் மெடாக் பகுதிச் சரளை மழைநீரைச் சட்டென்று கீழே விட்டுவிடும். அதே போர்தோவின் பொமரோல் பகுதிக் களிமண் அதைப் பிடித்துவைத்து மெல்லத் தரும். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைச் செங்குத்துச் சரிவுகளில் கருநிற ஸ்லேட் கல் பகல் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருவதால்தான் அந்தக் குளிரிலும் ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சை பழுக்கிறது. ஆகவே, நிலத்தை அறிவது என்றால் அது தண்ணீரையும் சூட்டையும் எப்படிக் கையாள்கிறது என்று அறிவதுதான்.

குழி வெட்டிப் பாருங்கள்

மேற்சரிவு, நடுச்சரிவு, அடிவாரம் என்று கண்ணுக்கு வேறுபாடு தெரியும் ஒவ்வோரிடத்திலும் ஒரு குழி வேண்டும். ஆழம் 1.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். வரிசைக்கு இணையாக, தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி வெட்டுங்கள். இளகிய மண் சரியும் என்பதால் ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டுங்கள், தனியாக இறங்காதீர்கள். குழிச்சுவரில் வேர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். வேர் பக்கவாட்டில் மடங்கி ஓடினால் அங்கே இறுகிய அடுக்கு உண்டு. சாம்பல் நிறத்தில் துருநிறப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஆழத்தில் ஆண்டில் சில மாதங்கள் நீர் தேங்குகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு மண் நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம்.

குழி சொல்வதைக் கொடி உறுதிப்படுத்த வேண்டும். கவாத்து செய்யும்போது வெட்டிய குச்சிகளைத் துண்டுவாரியாக எடை போடுங்கள். வரிசையில் ஒரு மீட்டருக்கு 0.3 முதல் 0.6 கிலோ குச்சி கிடைத்தால் கொடி சமநிலையில் இருக்கிறது. 1 கிலோவைத் தாண்டினால் இலை அடர்ந்து குலைகள் நிழலில் கிடக்கின்றன; அந்த ஒயினில் நிலத்துக்கு முன்னால் பச்சை வாசனைதான் வரும். அறுவடைப் பழத்தின் எடை குச்சி எடையைப் போல் 5 முதல் 10 மடங்கு இருப்பது நல்லது. இந்த எண்கள் மாறும் இடத்தில்தான் உங்கள் துண்டின் உண்மையான எல்லை இருக்கிறது. வேலி வேறெங்காவது இருக்கலாம். அறுவடையை வேலிப்படி பிரிக்காதீர்கள்.

புதிதாக நடுகிறவர்கள் வேர்ச்செடியை, அதாவது ரகத்தை ஒட்டுக்கட்டும் அடிக்கொடியை, மண்ணுக்கு ஏற்பத் தேர்வு செய்ய வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு 41 பி அல்லது ஃபெர்கால். வறண்ட, ஆழம் குறைந்த மண்ணுக்கு 110 ஆர் அல்லது 140 ருகெரி. சுண்ணாம்பு மண்ணில் 3309 சி நட்டால் இரும்புச்சத்து ஏறாமல் இலை மஞ்சளிக்கும். மஞ்சளித்த கொடியின் பழத்தில் நிலத்தைத் தேடிப் பயனில்லை.

சொட்டுநீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் வேர்கள் மேல் மண்ணிலேயே தங்கிவிடும். பிறகு கீழே சரளை இருந்தால் என்ன, களி இருந்தால் என்ன? நீர் தேவைப்படும் இடத்தில் இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். இலையின் நீர்த்தாகத்தை அளக்கும் அழுத்தமானி இருந்தால் நண்பகலில், ஒரு மணி நேரம் உறையிட்டு மூடிய இலையில் அளந்து பாருங்கள். சிவப்பு ரகங்களில் பழம் நிறம் மாறிய பின் மைனஸ் 1.0 முதல் 1.2 மெகாபாஸ்கல் வரை மிதமான தாகம். மைனஸ் 1.4ஐத் தாண்டினால் கொடி பழுக்கவைப்பதையே நிறுத்திவிடும்.

அறுவடை நாள்

நிலத்தின் குணத்தை அதிகம் அழிப்பது தாமதமான அறுவடை. மிகையாகப் பழுத்த பழம் எந்த மண்ணில் விளைந்தாலும் ஜாம், உலர்திராட்சை வாசனைக்கே போய்ச் சேரும். சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை 1 சதவீத ஆல்கஹாலாக மாறுகிறது. அதன்படி 24 பிரிக்ஸ் (சாற்றின் எடையில் ஏறக்குறைய 24 சதவீதம் சர்க்கரை) பழம் 14 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் போகும்போது ஆல்கஹாலின் சூடு மற்றவற்றை மூடத் தொடங்குகிறது.

துண்டுக்கு 200 பழங்கள் வீதம் மாதிரி எடுங்கள். வரிசையின் இரு பக்கமும், குலையின் மேல், நடு, நுனி மூன்றிலும் சம அளவில் பறிக்க வேண்டும். வழியில் கைக்கு எட்டுவதை மட்டும் பறித்தால் வெயில் பட்ட பழமே சேர்ந்து 1 பிரிக்ஸ் வரை கூடுதலாகக் காட்டிவிடும். அறுவடை நெருங்கும்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை அளக்கலாம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் வெள்ளைக்கு 3.1 முதல் 3.3, சிவப்புக்கு 3.4 முதல் 3.6 நல்ல எல்லை. எண்களோடு நின்றுவிடாமல் தோலை மென்று பாருங்கள். விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்க வேண்டும். அமிலம் குறைந்தால் லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்க்க பிஎச் சுமார் 0.1 இறங்கும். ஆண்டுதோறும் ஒரே துண்டுக்கு இது தேவைப்பட்டால் அங்கே முன்னதாகப் பறிக்க வேண்டும் என்று பொருள்.

இடத்தின் குணத்துக்குச் சில வாசனைகள் தெளிவான சான்று. ஷிராஸ் ஒயினின் மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன் என்னும் சேர்மம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தோட்டத்தின் குளிர்ந்த பகுதிகளில் அது கூடுதல். தைல மர வாசனை கொஞ்சம் வேறு கதை. பக்கத்தில் யூகலிப்டஸ் நின்றால் அதன் எண்ணெய் காற்றில் வந்து திராட்சைத் தோலில் படியும். பறிக்கும் கூடையில் விழும் இலைகள் அதைப் பல மடங்கு கூட்டும். அதுவும் அந்த இடத்துக்குரியதே என்று சிலர் வாதிடுவார்கள். மரத்தை ஒட்டிய வரிசைகளைத் தனியாகப் பறித்து, இலைகளைப் பொறுக்கி எடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

தொட்டியில் எல்லாவற்றுக்கும் ஒரே முறை

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே வடிவத் தொட்டி, ஒரே நிரப்பளவு, ஒரே வெப்பம். ஈஸ்ட்டிலும் இதே ஒழுங்கு வேண்டும். தோட்டத்து ஈஸ்ட்டே நிலத்தின் குரல் என்று நம்பித் துண்டுக்கொன்றாகத் தானே நொதிக்க விட்டால், பின்னர் தெரியும் வேறுபாடு மண்ணுடையதா ஈஸ்ட்டுடையதா என்று பிரித்தறிய முடியாது. பல நேரம் ஒயின்கூடத்தில் குடியிருக்கும் ஈஸ்ட்டே கடைசியில் வெல்கிறது.

எனவே பொதுவான உறைச்சாறு, அதாவது மற்றத் தொட்டிகளில் நொதித்தலைத் தொடங்கிவைக்கும் முன்பே நொதித்த சாறு, தயாரியுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு எல்லாத் துண்டுகளிலிருந்தும் சம அளவில் நல்ல குலைகளைப் பறித்து நசுக்கி, 22 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மொத்தச் சாற்றில் 3 முதல் 5 சதவீதம் போதும். அடர்த்தி 1.090லிருந்து 1.040க்கு இறங்கியதும் எல்லாத் தொட்டிக்கும் சமமாகப் பங்கிடுங்கள். நகப்பூச்சு அல்லது காடி வாசனை வந்த உறைச்சாற்றைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். அதனால் இரண்டு மூன்று சிறு பாத்திரங்களில் தொடங்குவதே பாதுகாப்பு.

ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் தழைச்சத்து லிட்டருக்கு 150 மி.கி.க்குக் கீழே இருந்தால் அழுகிய முட்டை வாசனையும் பாதியில் நொதித்தல் நிற்பதும் வரும். 100 லிட்டருக்கு 10 கிராம் டை அம்மோனியம் பாஸ்பேட், லிட்டருக்கு 21 மி.கி. தழைச்சத்தைக் கூட்டும். குறையை மட்டும் நிரப்புங்கள்.

வெள்ளை ஒயினை 12 டிகிரியில் நொதிக்க வைத்தால் வாழைப்பழ வாசனை எழுந்து எல்லாத் துண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். 16 முதல் 18 டிகிரி பொருத்தம். சிவப்புக்கு 25 முதல் 28. மேலே மிதக்கும் தோலைச் சாற்றுக்குள் அமுக்கிவிடுவது ஒரு நாளைக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. அளவு மீறினால் துவர்ப்பு மட்டுமே மிஞ்சும்.

புது ஓக் பீப்பாயின் வனிலாவும் தேங்காய் வாசனையும் மெல்லிய வேறுபாடுகளை மூடிவிடும். மூன்று நான்கு முறை நிரப்பிய 500 லிட்டர் பீப்பாய் அல்லது கான்கிரீட் தொட்டி நல்லது. ஒயின் கெடாமல் காக்கும் தனித்த (வேறெதனோடும் பிணையாத) கந்தக டை ஆக்சைடு பிஎச் 3.2இல் லிட்டருக்கு 20 மி.கி. போதும், 3.5இல் அதே காவலுக்கு 40 வேண்டும். அதைச் சேர்க்கப் பயன்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் பொடியின் எடையில் பாதியே கந்தக டை ஆக்சைடாகக் கணக்கு.

கெட்ட வாசனையை நிலம் என்று எண்ணாதீர்கள்

மாட்டுத்தொழுவம், குதிரைச் சேணம் போன்ற வாசனை பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டின் வேலை. பிஎச் 3.6க்கு மேல், கந்தகம் குறைவு, பழைய பீப்பாய், கொஞ்சம் எஞ்சிய சர்க்கரை ஆகியவை சேர்ந்தால் அது பெருகும். உலகில் எந்த மண்ணில் விளைந்த ஒயினிலும் இதே வாசனைதான். தீக்குச்சி வாசனையைக் கல்லின் குணம் என்று புகழ்வதும் உண்டு. இரண்டு கோப்பையில் ஒயின் ஊற்றி, ஒன்றில் 1 சதவீத காப்பர் சல்பேட் கரைசல் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பாருங்கள், குடிக்கக் கூடாது. வாசனை மறைந்தால் அது ஈஸ்ட் விட்ட கந்தகச் சேர்மம்.

ஆறு மாதம் கழித்துத் துண்டுகளின் ஒயினை மறைசுவையில், அதாவது எது எந்தத் துண்டு என்று சொல்லாமல், சோதிக்கலாம். மூன்று கோப்பையில் இரண்டு ஒரே துண்டு, மூன்றாவது வேறு. 12 பேரில் 8 பேராவது வேறுபட்டதைச் சரியாகக் கண்டால் வேறுபாடு தற்செயல் அல்ல என்று கொள்ளலாம். வெயிலும் மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் ஒரே ஆண்டின் முடிவை நம்பாதீர்கள். மூன்று அறுவடையிலும் திரும்ப வருவதை மட்டும் நிலத்தின் கணக்கில் எழுதுங்கள். மூன்றிலும் வேறுபாடு தெரியாத துண்டுகளைத் தாராளமாகக் கலந்துவிடலாம். தெரிந்தவற்றை மட்டும் அடுத்த ஆண்டும் தனித் தொட்டியில் வையுங்கள்.