வாரினால் துரோகம், இழுத்தால் பகிடி: ஆங்கில மரபுத்தொடர்கள் வழுக்கும் இடங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் தம்பி ஒருவர் போன மாதம் முகம் வாடி வந்தார். வேலையிடத்தில் நடந்த பிழை ஒன்றைக் குழுத் தலைவர் இவர் தலையில் கட்டிவிட்டாராம். இங்கிலாந்தில் இருக்கும் மேலதிகாரிக்கு இவர் வாட்ஸ்அப்பில் எழுதியது: 'மை டீம் லீடர் புல்ட் மை லெக்.' என் காலை வாரிவிட்டார் என்று சொல்ல நினைத்திருக்கிறார். மேலதிகாரி ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

தமிழில் காலை வாருவது என்றால் நம்பியவனைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் ஒருவரின் லெக்கை இழுப்பது, இல்லாத ஒன்றைச் சொல்லி நம்பவைத்து விளையாடுவது. நாங்கள் பகிடி விடுவது என்போமே, அதுதான். மனம் நொந்து எழுதிய முறைப்பாடு அங்கே 'என்னோடு பகிடி விட்டார்' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் நினைத்ததற்குக் கிட்டிய தொடர் 'த்ரூ மீ அண்டர் த பஸ்', அதாவது தான் தப்புவதற்கு அடுத்தவரைப் பலி கொடுப்பது. ஆனால் அது காரமான தொடர். நண்பரிடம் சொல்லலாம், மேலதிகாரிக்குப் போகும் முறைப்பாட்டில் நான் வைக்கமாட்டேன்.

தெரியாத தொடரைவிடத் தெரிந்தது போல இருக்கும் தொடருக்குத்தான் நான் பயப்படுகிறேன். தெரியாததை அகராதியில் தேடுவோம். தமிழின் சாயல் இருந்துவிட்டால் தேடவே தோன்றாது.

'திக் ஸ்கின்' இன்னொன்று. எருமைத் தோல் என்று எங்களில் யாரையாவது சொன்னால் சண்டைதான் வரும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பாராட்டு, இல்லாவிட்டால் அறிவுரை. கண்டனத்துக்கு இலகுவில் துவளாதவர் என்று பொருள். நேர்முகப் பரீட்சையில் 'யூ நீட் எ திக் ஸ்கின் ஃபோர் திஸ் ஜொப்' என்று கேட்டால் முகம் சுருங்க வேண்டியதில்லை. அப்புறம், தலையைத் தின்கிறான் என்று நாங்கள் சொல்வது ஓயாமல் தொல்லை கொடுப்பவனை. 'பிட் மை ஹெட் ஓஃப்' அதுவல்ல; சின்னதாக ஏதோ கேட்டதற்கு ஒருவர் எரிந்து விழுந்தார் என்பதே அதன் பொருள்.

பொருள் சரியாக இருந்தும் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. 'கிக் த பக்கெட்' என்றால் இறப்பது என்று அகராதி சொல்லும், பொய்யில்லை. ஆனால் அது எங்கள் 'மண்டையைப் போட்டார்'. சக ஊழியரின் அப்பா காலமான செய்தியை அலுவலகக் குழுவில் அப்படி எழுதினால் அந்தக் காயம் ஆற நாளாகும். 'பாஸ்ட் அவே' என்று எழுதுங்கள். அகராதியில் பொருளுக்குப் பக்கத்தில் 'இன்ஃபோர்மல்', அதாவது பேச்சு வழக்கு, என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். அதைப் பார்க்காமல் எந்தத் தொடரையும் எடுக்காதீர்கள்.

சொற்களை மாற்றாமல் இருப்பதும் முக்கியம். 'பீஸ் ஒஃப் கேக்' என்றால் இலகுவான வேலை. 'ஸ்லைஸ் ஒஃப் கேக்' என்றால் வெறும் கேக் துண்டுதான்.

கொழும்பில் எங்களுக்கு இன்னொரு சிக்கல். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி ஆக்கியது. அலுவலகங்களில் தமிழரும் சிங்களவரும் அதில்தான் சந்திக்கிறோம். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கிவிடுவதால் யாரும் யாரையும் திருத்துவதில்லை. பல்கலைக்கழகப் படிப்பை முடித்ததை 'பாஸ்ட் அவுட்' என்கிறோம். இங்கே எல்லோருக்கும் புரியும். பிரிட்டனில் இராணுவ, பொலிஸ் பயிற்சி முடிப்பவர்களுக்கு அந்தச் சொல் உண்டு. மற்றபடி மயங்கி விழுந்தேன் என்றுதான் கேட்கும். வெளிநாட்டுக்குப் போகிற விண்ணப்பத்தில் 'கிராஜுவேட்டட்' என்று போடுங்கள்.

கிரிக்கெட்டில் இருந்து வந்த மரபுத்தொடர்களும் அப்படித்தான். ஆடுகளத்தை மூடாத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. அதிலிருந்து வந்ததுதான் இக்கட்டான நிலையைக் குறிக்கும் 'ஸ்டிக்கி விக்கெட்'. எங்களுக்கு அது இரத்தத்தில் ஊறியது, அமெரிக்கருக்குப் புரியாமல் போகலாம். அவர்களுடைய தொடர்கள் பேஸ்போலில் இருந்து வருகின்றன. மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தபோது 'ஐல் டேக் எ ரெயின் செக்' என்றார் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர். அழைத்த தங்கச்சி மழை இல்லை என்று பதில் எழுதியிருக்கிறார். மழையால் ஆட்டம் நின்றால் அதே டிக்கெட்டோடு இன்னொரு நாள் வரலாம் என்பது அங்கே பழைய வழக்கம். ஆகவே அவர் சொன்னது, இன்றைக்கு முடியாது, பிறகொரு நாள் பார்ப்போம் என்பதே.

தம்பியின் முறைப்பாட்டை அன்றைக்கே இருவருமாகத் திருத்தி எழுதினோம். பிழை எந்த நாள் நடந்தது, அந்த வேலை யார் கையில் இருந்தது, பழி யார் மேல் விழுந்தது. மூன்றே வரி, மரபுத்தொடர் ஒன்றுகூட வைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் மேலதிகாரி தானாகவே அழைத்து முழுவதையும் கேட்டாராம்.