ஏர்கோன் போட்டால் கார் சூடேறுகிறதா? நீங்களே கண்டுபிடிக்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு கார் ஓட்டுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "ஏர்கோன் போடாம ஓட்டுனா ஒன்னும் இல்லண்ணே, போட்டா மட்டும் மீட்டர் ஏறுது." சொல்ல வரும்போதே பாதிப் பேர் எதையாவது மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவர் ஏர்கோன் கேஸ் ஏற்றியிருப்பார், இன்னொருவர் சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருப்பார். காசு போயிருக்கும், சூடு மட்டும் அப்படியே இருக்கும். எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். பானட்டைத் திறந்து முன்பக்கம் பார்த்தால், இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு மெல்லிய தகடு இருக்கும். அதுதான் ஏர்கோன் கண்டென்சர். காருக்குள்ளிருந்து எடுத்த சூட்டை அது வெளியே கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. அது போதாதென்று ஏர்கோன் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரைச் சுழற்ற இன்ஜினும் கூடுதலாக உழைக்க வேண்டும். நல்ல கார் இதையெல்லாம் தாங்கும், தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். தாங்கவில்லை என்றால் குளிர்விக்கும் ஏற்பாட்டில் எங்கோ ஏற்கெனவே பலவீனம் இருக்கிறது, ஏர்கோன் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் ஏர்கோனை அணைத்துவிட்டு ஓட்டிச் சமாளிப்பது வைத்தியம் ஆகாது.

கை வைப்பதற்கு முன்

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்ற அந்த நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும், மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியக்கூடாது. மின்சார ஃபேன் இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், விரலைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

வழியில் சூட்டு மீட்டரின் முள் ஏறினால் ஏர்கோனை அணைத்துவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். கொதிக்கும் இன்ஜின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

முதல் படி: எப்போது ஏறுகிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் பிள்ளைகளை ஏற்றக் காத்திருக்கும்போது, சாலை விளக்கில் நிற்கும்போது முள் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? அப்படியென்றால் காற்று போதவில்லை. ஃபேன், அதன் ரிலே (கரண்டைத் திறந்துவிடும் சின்னச் சுவிட்ச்), அடைபட்ட கண்டென்சர் இவற்றைப் பாருங்கள்.

நிற்கும்போது சரியாக இருந்து, வேகமாக ஓட்டும்போதோ மேடு ஏறும்போதோ ஏறுகிறதா? நம் பக்கத்தில் இதற்கு நல்ல சோதனை ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் ஏற்றம். வேகமாக ஓடும் காருக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும், ஃபேன் தேவையில்லை. அப்போதும் சூடேறினால் தண்ணீர் சரியாக ஓடவில்லை: கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, ரேடியேட்டருக்குள் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும்.

ஆக்ஸியா மாதிரி கார்களில் முள் கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிவதற்குள் காலம் கடந்திருக்கும். ஓபிடி துளையில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் துளை) செருகும் ஒரு சின்ன ப்ளூடூத் கருவி வாங்கிக் கைபேசியில் பார்த்தால் கூலண்ட் சூடு எண்ணாகவே தெரியும். பெரும்பாலான கார்களில் 90 டிகிரியை ஒட்டி நிற்கும். ஏர்கோனோடு நிற்கும்போது அது 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பிரச்சினை உறுதி.

இரண்டாம் படி: கூலண்ட்

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பக்கத்து டப்பாவில் தண்ணீர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். கழுத்து வரை நிறைந்திருக்க வேண்டும். டப்பா நிறைய இருந்தும் ரேடியேட்டர் குறைந்திருந்தால், ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும் மூடி வேலை செய்யவில்லை, அல்லது இடையில் போகும் குழாய் வெடித்திருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து கீறல் விட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். அதே அழுத்த எண் போட்ட மூடியாக வாங்குங்கள், இருப்பதிலேயே விலை குறைந்த பொருள் அது.

தண்ணீர் துருநிறத்தில் இருந்தால் பல வருடமாகக் குழாய்த் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். "நம்ம ஊர்ல பனியா விழுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பார்கள். கூலண்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் இல்லை. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. நம் வெயிலில் இரண்டும் அவசியம்.

மூன்றாம் படி: ஃபேன்

நின்றால் சூடேறும் கார்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

பானட்டைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனை முழுக் குளிரில் போடுங்கள். கம்ப்ரஸர் பிடிக்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். அதோடு அல்லது சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். இரண்டு ஃபேன் உள்ள கார்களில் பெரும்பாலும் இரண்டுமே சுற்றும். ஒன்று மட்டும் சுற்றி மற்றது நிற்பதைப் பலர் கவனிப்பதே இல்லை, சத்தம் கேட்கிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள்.

சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ஃபேன் ரிலேயைப் பிடுங்கி, அதே எண் உள்ள ஹார்ன் ரிலேயை அங்கே செருகிப் பாருங்கள். சுற்ற ஆரம்பித்தால் ரிலேதான் கோளாறு. அப்போதும் சுற்றாவிட்டால் இன்ஜினை அணைத்து, ஃபேனின் செருகியைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்டு கொடுங்கள். அதற்கும் அசையாத மோட்டார் போய்விட்டது. சுற்றினால் மோட்டார் நல்லது, சென்சாரையோ ஒயரையோ தேட வேண்டும்.

சுற்றுகிற ஃபேனையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு ஏ4 தாளை எடுத்து, முன்பக்கக் கிரில் வழியாகக் கண்டென்சர்மேல் வையுங்கள். ஃபேன் அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். தாள் தளர்ந்து சரிந்தால் மோட்டார் உள்ளே தேய்ந்து பலமிழந்திருக்கிறது, அல்லது தகடுகள் அடைபட்டிருக்கின்றன. தாள் வெளியே தள்ளப்பட்டால் மோட்டார் மாற்றியபோது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஹாஃப் கட் கடையில் (பழைய உதிரிப்பாகக் கடை) வாங்கிப் போட்ட மோட்டார்களில் இது நடக்கும். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்தோ கழற்றிப் போட்டோ இருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

நான்காம் படி: செம்மண்

தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். கண்டென்சர் முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள்: செம்மண், லாலாங் புல் பஞ்சு, பூச்சி எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று எப்படிப் போகும்?

இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்துக் குழாய் ஹோஸால் மெதுவாக, உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். கார் கழுவும் கடையின் உயர் அழுத்தத் துப்பாக்கி வேண்டாம், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். மண் கெட்டிப்பட்டிருந்தால் ரேடியேட்டரை இறக்கித்தான் கழுவ வேண்டும், அதைப் போமனிடம் (மெக்கானிக்) கொடுங்கள்.

மிச்சம் இருப்பவை

கம்ப்ரஸர் பிடிக்கும்போது பெல்ட் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. சில கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றும், அங்கே ஏர்கோன் போட்டதும் தண்ணீர் ஓட்டமும் குறையும். கேஸை அளவுக்கு மேல் ஏற்றினாலும் கண்டென்சர் கூடுதலாகக் கொதிக்கும். கேஸின் எடை பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், எடை போட்டு ஏற்றும் கடைக்குப் போங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது இல்லாமல் இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் பக்கவழி திறந்தே கிடந்து தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், சூடு இன்னும் ஏறும். பழுதென்றால் புதியது போடுங்கள்.

கடைசியாக ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு. குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா? வெளியே ஒழுகாமலே கூலண்ட் குறைகிறதா? எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் இரண்டு சோதனை வையுங்கள். உச்சி வெயிலில் காரை நிறுத்திவைத்து, ஏர்கோனோடு இன்ஜினை 20 நிமிடம் ஓடவிடுங்கள். அப்புறம் ஏர்கோனை அணைக்காமல் ஒரு நல்ல மேட்டில் ஏற்றுங்கள். நிற்கும்போது சரியாக இருந்து மேட்டில் மட்டும் முள் நகர்ந்தால், ரேடியேட்டரின் உள் அடைப்பைப் பார்க்கச் சொல்லிப் போமனிடம் விடுங்கள். எப்போது ஏறுகிறது, எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.