கால் எலும்பு முறிவு ஆய்வு: ‘விழுந்தார்’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள்

போன மாதம் ஒரு பி.ஜி. மாணவர் தன் தீசிஸ் மாஸ்டர் சார்ட்டைக் கொண்டுவந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர்கள். வயது, சர்க்கரை, ஆபரேஷன் தேதி, போட்ட பிளேட் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ‘எப்படி அடிபட்டது’ என்ற கட்டத்தில் மட்டும் ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து), ‘விழுந்தார்’ என்ற இரண்டே சொற்கள் மாறி மாறி வந்தன. என் தீசிஸிலும் அப்படித்தான் இருந்தது. சாம்பிள் அளவு, பி வேல்யூ பற்றியெல்லாம் உங்கள் கைடே சொல்லித்தருவார், அதை விட்டுவிடுகிறேன். டேட்டா சேர்க்கும்போது நாம் தவறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஏ.ஆர். பதிவைப் பார்த்து எழுதுவது

கேஷுவாலிட்டியில் முதலில் பார்ப்பவர் அவசரத்தில் ஒரு சொல் எழுதுவார். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டுக்கு அது போதும். வார்டில் அதையே கேஸ் ஷீட்டில் எழுதுவோம், டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவோம், இரண்டு வருஷம் கழித்து தீசிஸுக்கும் எடுப்போம். நடுவில் ஒருவர்கூட நோயாளியிடம் கேட்டிருக்க மாட்டோம்.

உயரத்திலிருந்து விழுந்தவர்களின் குதிகால், பைலான் (கணுக்கால் மூட்டுக்கு மேலுள்ள எலும்பு முனை) முறிவுகளைத்தான் நான் ஆய்வுக்கு எடுத்தேன். ஏ.ஆரில் இருந்த அடிக்கணக்கை அப்படியே நம்பினேன். உயரத்துக்கும் எலும்பு நொறுங்கிய அளவுக்கும் தொடர்பே இல்லை என்று விடை வந்தது. ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த நினைப்பில் மேடையேறிப் பேசவும் செய்தேன்.

பல வருஷம் கழித்து இங்கே, ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கத்திலிருந்து பனையேறும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ‘30 அடி மரத்திலிருந்து விழுந்தார்’ என்று ஏ.ஆரில் இருந்தது. எக்ஸ்-ரேயில் பார்த்தால் குதிகாலில் விலகாத ஒரு முறிவு, அவ்வளவுதான். முதுகெலும்பில் ஒன்றுமில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். போர்வையை விலக்கிக் காட்டினார். நெஞ்சு, வயிறு, இரண்டு கைகளின் உள்பக்கம் எல்லாம் மரம் உரசித் தோல் வழன்ற நீளக் கோடுகள்.

“விழுந்தேன்னு யாருய்யா சொன்னது? மரத்தக் கட்டிப்பிடிச்சபடியே சறுக்கித்தான் வந்தேன். ஆளு உயரத்துலதான் கை விட்டுப்போச்சு.”

அவர் கால் கண்டது ஆறடி. என் சார்ட்டில் 30 என்று ஏறியிருக்கும். பழைய தீசிஸில் இப்படி எத்தனை பேரை ஏற்றினேனோ என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

உயரம் சரியாகத் தெரிந்தாலும் பாதிதான் தெரிந்தது. எதில் விழுந்தார் என்பது மீதி. ஒருவர் 6 மீட்டர் உயரத்திலிருந்து காலூன்றி விழுகிறார் என்று வையுங்கள். கட்டாந்தரையில் உடல் 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், சராசரி விசை அவர் எடையைப்போல் 61 மடங்கு. மணல் அமுங்கி, முழங்காலும் மடங்கி, 40 செ.மீ. போய் நின்றால் 16 மடங்கு. அதே ஆள், அதே மரம்.

ஆர்.டி.ஏ.வும் இப்படித்தான். நின்ற பைக் சாய்ந்து, பாதம் அடியில் மாட்டி முறுகினால், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியா சுருளாக முறியும். தோல் பெரும்பாலும் கிழியாது. ஈ.சி.ஆரைக் கடப்பவர் காலில் வேன் பம்பர் இடித்தால் எலும்பு வளைந்து முறியும். எலும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவுக்கு இழுப்பைத் தாங்காது. அதனால் இடிபட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் விடும். ஆப்பு மாதிரி பெயரும் துண்டின் அகலமான பக்கம் பெரும்பாலும் பம்பர் பட்ட பக்கத்தில் இருக்கும். வேகமாக வரும் அடியை எலும்பு அதிகமாக உள்வாங்கி, முறியும் நொடியில் மொத்தமாக வெளியே விடுகிறது. சுற்றியுள்ள சதை நாசமாவது அதனால்தான். இந்த இரண்டு கால்களையும் ஒரே சொல்லில் அடைத்து ‘இன்ஃபெக்ஷன் எத்தனை சதவீதம்’ என்று கேட்டால், வருகிற விடையை வைத்து என்ன செய்வீர்கள்?

முதல் நாளே கேளுங்கள். எவ்வளவு உயரம், எந்தத் தரை, எந்தக் கால் முதலில் பட்டது, தளைநார் (மரமேறும்போது காலில் மாட்டும் நார் வளையம்) காலில் இருந்ததா, கயிற்றிலோ சக்கரத்திலோ மாட்டியதா. தூக்கிவந்தவரிடம் தனியாகக் கேளுங்கள். வழக்கு, இழப்பீடு என்று ஆரம்பித்தபின் கதை மாறிவிடும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் இரண்டு வருஷம் டேட்டா சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இரண்டு கால்களை இரண்டு நோயாளிகளாக எண்ணுவது

எண்ணாதீர்கள்.

கேஷுவாலிட்டியிலேயே கிரேடு போடுவது

தோல் கிழிந்த முறிவின் தீவிரத்தைச் சொல்லும் கஸ்டிலோ-ஆண்டர்சன் கிரேடை ஆபரேஷன் தியேட்டரில், காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்தபிறகுதான் எழுத வேண்டும். படகு வின்ச்சில் கால் சிக்கியவருக்கு வெளியே இரண்டு செ.மீ. கிழிசல்தான் தெரியும். உள்ளே தசை கூழாகியிருக்கும். அந்த கிரேடில் கடுமையான வகைகளில் ஒன்றான மூன்று-பி என்று வந்தால் கோவை கங்கா மருத்துவமனை உருவாக்கிய ஸ்கோரையும் எழுதுங்கள். தோல், எலும்பு, தசை-நரம்பு என்று அது தனித்தனியாக மதிப்பிடுகிறது. அப்புறம், ‘அழுக்கு: உண்டு’ போதாது. கடல் தண்ணீரா, கண்மாய்ச் சேறா? கிருமிகள் வேறு.

நாட்டு வைத்தியரிடம் கட்டுக் கட்டிவிட்டு வந்தவர்களை நீக்குவது

நீக்கினால், எத்தனை பேரை நீக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

சி.டி.ஆர்.ஐ. பதிவு

மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு இது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதியுங்கள். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது.

வராதவர்களை ஒரே பெட்டியில் போடுவது

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆறாம் மாத செக்கப் அதற்குள் வந்தால் பாம்பன், மண்டபம் விசைப்படகு ஆட்கள் வருவார்கள். ஜூலையில் வந்தால், கால் நன்றாக இருப்பவர் கடலில் இருப்பார், கால் சேராதவர் மதுரைக்குப் போயிருப்பார். இருவரும் உங்கள் சார்ட்டில் ‘வரவில்லை’. மிச்சமிருப்பவர்களை வைத்து ‘நல்ல பலன்’ என்று எழுதுகிறோம். போன் போட்டுக் கேளுங்கள். கரைக்குத் திரும்பும் நாளைக் கேட்டு, அன்றைக்குப் பாருங்கள்.

கேள்வித்தாளை அப்படியே நம்புவது

கால் எவ்வளவு வேலை செய்கிறது என்று நோயாளியிடமே கேட்கும் எல்.இ.எஃப்.எஸ். நல்ல தாள்தான். 20 கேள்வி, 80 மதிப்பெண். குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவதைக் கேட்கும், சம்மணம் போடுவதைக் கேட்காது. 70க்கு மேல் வாங்கிய நாட்டுப்படகு மீனவர் ஒருவர், எழுந்து போகும்போது வாசலில் நின்று, “எல்லாம் சரி சார், வள்ளத்துல நின்னு வலை இழுக்கத்தான் முடியல. அலை அடிச்சா இந்தக் கால் பிடிக்க மாட்டேங்குது” என்றார். அதிலிருந்து தாளின் பின்பக்கத்தில் கையால் மூன்று கேள்விகள் எழுதிக்கொள்கிறேன்: சம்மணம் போட முடிகிறதா, மரம் ஏற முடிகிறதா, படகில் நிற்க முடிகிறதா.