ஸ்டேபிலைஸ்: ஆட்டம் நின்றால் சுகமாகிவிட்டதா?

மாமி திருகோணமலையில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "ஷீ ஹாஸ் ஸ்டேபிலைஸ்ட்" என்றார் டொக்டர். மச்சான் உடனே வீட்டுக்குப் போன் எடுத்து, "அம்மாவுக்குச் சுகமாம், அறையைக் கூட்டி வையுங்கோ" என்று சொல்லிவிட்டார். மாமி வீட்டுக்கு வர இன்னும் 11 நாள் எடுத்தது. அதனால் இந்தச் சொல்லை ஆறுதலாகப் படிப்போம்.

படி 1: பொருள்

திருகோணமலை டச்பே கடற்கரையில் வள்ளத்தில் ஏறியிருப்பீர்கள். ஒரு காலை வைத்ததும் அது இரண்டு பக்கமும் ஆடும். "நடுவிலே இரும்" என்பார் வள்ளக்காரர். இருந்ததும் ஆட்டம் குறைந்து ஒரு நிலைக்கு வரும். அப்படி நிலைக்கு வருவதுதான் ஸ்டேபிலைஸ். வள்ளம் இன்னும் புறப்படவில்லை, ஆட்டம் மட்டும்தான் நின்றிருக்கிறது. மாமியின் நிலையும் அப்படித்தான் இருந்தது: மோசமாவது நின்றது, சுகம் இனித்தான் வரவேண்டும்.

படி 2: தானாகவா, ஒருவர் செய்தா?

"த போட் ஸ்டேபிலைஸ்ட்" என்றால் வள்ளம் நிலைப்பட்டது. "ஹீ ஸ்டேபிலைஸ்ட் த போட்" என்றால் அவர் வள்ளத்தை நிலைப்படுத்தினார். தமிழில் வினையே மாறுகிறது. ஆங்கிலத்தில் அதே சொல்தான், பின்னால் 'எதை' என்பது வருகிறதா என்று பாருங்கள்.

படி 3: விலைவாசியில்

2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றது. 2023 ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அப்போது "ப்ரைசஸ் ஹாவ் ஸ்டேபிலைஸ்ட்" என்று சொன்னால், சாமான் பழைய விலைக்கு இறங்கிவிட்டது என்று பொருளில்லை. தாறுமாறாக ஏறுவது நின்றது, அவ்வளவுதான்.

படி 4: உச்சரிப்பும் எழுத்தும்

அழுத்தம் முதலிலுள்ள 'ஸ்டே'யில். ஃபிரிட்ஜுக்குப் பூட்டும் ஸ்டெபிலைசரும் இதே சொல்லில் பிறந்ததுதான். அதைக் குறுக்கிச் சொல்லிப் பழகியதால் வினையையும் குறுக்கிவிடுகிறோம், 'ஸ்டே'யை நீட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு முன் எஸ் (s), இசட் (z) இரண்டும் சரி. ஆனால் ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே எழுதுங்கள். நிலையைக் குலைப்பதற்கு டீஸ்டேபிலைஸ் என்று சொல்வார்கள்.

படி 5: பயிற்சி

"மீன் விலை நிலைக்கு வந்துவிட்டது", "மருந்து அவரது இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்தியது" இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம், வார்டில் இந்தச் சொல் காதில் விழுந்தால், வீட்டுக்குப் போன் எடுக்க முன் டொக்டரிடம் இதையும் கேளுங்கள்: "இஸ் ஷீ கெட்டிங் பெட்டர்?"