ராடு நூல்கட்டுக்கு மெல்லிய பூச்சு: எதை வாங்கலாம், எப்படிப் போடலாம்

தூண்டில் ராடில் நரம்பு ஓடும் வளையமான கைடு நகராமல் நிற்பதற்கு, அதன் காலை ராடோடு சேர்த்துச் சுற்றும் நூல்கட்டுதான் காரணம், அந்த நூல் தண்ணீரிலும் வெயிலிலும் உரசலிலும் பிய்ந்து போகாமல் இருப்பதற்குத்தான் மேலே பூச்சு. இதற்குக் கண்ணாடி உருண்டை மாதிரி தடிமனாக ஊற்ற வேண்டியதே இல்லை. பவானிசாகரில் பெரிய கட்லாவுக்குப் போடும் தடி ராடு கொஞ்சம் கனத்தைத் தாங்கும், வாய்க்காலில் விராலுக்கு வீசும் லைட் ராடு தாங்காது. நுனிப் பக்கம் கனம் ஏற ஏற ராடு மந்தமாகிவிடும், அதோடு தடிமனான பூச்சு கைடு கால் ஓரத்தில் சீக்கிரம் விரிசலும் விடும். அதனால் மெல்லிசாக இரண்டு கோட், என் முடிவு அதுதான்.

முதலில் நூல். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஸ்பன் நூலில் பிசிறு இருக்கும், ஒவ்வொரு பிசிறும் பூச்சுக்கு மேலே முள்ளாக நிற்கும். பிசிறில்லாத நீள் இழையான ஃபிலமென்ட் நைலான் நூல் எடுங்கள், லைட் ராடுக்கு மெல்லிய ஏ சைஸ் போதும். வெளிர் நிறச் சாதா நைலான், பூச்சாகப் போடும் எபாக்ஸி (இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) பட்டதும் கறுத்துவிடும், வெள்ளை கிட்டத்தட்டக் கண்ணாடியாகிவிடும். நிறம் அப்படியே வேண்டும் என்றால் நிறத்தைக் காக்கும் கலர் பிரிசர்வர் திரவத்தை முதலில் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும், ஆனால் அது நூலுக்குள் எபாக்ஸி இறங்குவதைத் தடுப்பதால் பிடிப்பு கொஞ்சம் குறையும். கறுப்பு, கரும்பச்சை நூலென்றால் பிரிசர்வரைத் தொடவே வேண்டாம்.

பூச்சுக்கு ராடு கட்டுகிறவர்களுக்கென்றே விற்கும் இரண்டு பாக எபாக்ஸியில் ‘லைட்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள், தடிமனாகப் படியும் ‘ஹை பில்டு’ வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டுகிற எபாக்ஸி இதற்கு ஆகாது, கெட்டியாக இருக்கும், வெயிலில் மஞ்சளாகும், வளையும் இடத்தில் உடையும். ஈரத்தை இழுத்துக் காயும் யூரித்தேன் வகையும் உண்டு, ரொம்ப மெல்லிசாக வரும், ஆனால் கோட் எண்ணிக்கை கூடும், பாட்டிலைத் திறந்து வைத்தால் உள்ளேயே கெட்டியாகிவிடும். பழைய மூங்கில் ராடை வைத்திருப்பவர்களுக்கு ஸ்பார் வார்னிஷ் நல்ல தேர்வு, பொறுமை மட்டும் வேண்டும்.

நம் ஊரில் பெரிய எதிரி தூசி. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், பல்லடம் பக்கம் தறிக்கூடத்துப் பஞ்சும் சேர்ந்துகொள்ளும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். சித்திரை வெயிலில் ஈரோட்டில் மத்தியானம் கலக்கினால் பிரஷ் எடுப்பதற்குள் எபாக்ஸி இறுகத் தொடங்கிவிடும், அதனால் விடியற்காலையில் செய்யுங்கள். ஐப்பசி மழை நாளில் செய்தால் மேலே எண்ணெய்ப் பிசுபிசுப்பு படரலாம், காய்ந்த பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம். நைட்ரைல் கையுறை கட்டாயம், எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வந்துவிட்டால் அது திரும்பப் போகாது. நூல்கட்டையும் பக்கத்து பிளாங்கையும் (ராடின் வெறும் தண்டு) ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள், கையெண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு விலகிக் குழி விடும். எபாக்ஸியின் இரண்டு பாகத்தில் ரெசினுக்கு ஒரு சிரிஞ்ச், அதை இறுகவைக்கும் ஹார்டனருக்கு வேறு சிரிஞ்ச். ரப்பர் முனை உள்ள மருந்து சிரிஞ்சில் சிலிகான் தடவியிருப்பார்கள், அதுவும் குழி விட வைக்கும், ரப்பர் இல்லாததைத் தேடி வாங்குங்கள். பெரும்பாலான ராடு எபாக்ஸிக்குச் சரிபாதி அளவு, இருந்தாலும் பாட்டிலில் போட்டிருப்பதைப் படியுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் 3 மி.லி.க்குக் கீழே போகாதீர்கள், அளவு சின்னதாக ஆக ஆகத் தப்பு பெரிதாகும், அது என்றைக்கும் காயாத பிசினில் போய் முடியும். இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக, ஓரம் அடி எல்லாம் வழித்துக் கலக்கி, உடனே அலுமினியத் தாளில் பரப்பிவிடுங்கள். பரப்பினால் சூடு ஏறாது, வேலை நேரம் நீளும், குமிழியும் தானாக வெளியேறும்.

ராடைச் சுழற்றிக்கொண்டே பூச வேண்டும். நிமிடத்துக்கு 6 முதல் 10 சுற்று போதும், பழைய மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டாரே இதற்குக் கச்சிதம், கரன்ட் இணைப்பு மட்டும் தெரிந்தவர் கையால் கொடுங்கள். முதல் கோட்டில் நூல் நனைந்தால் போதும், மேலே படலம் நிற்க வேண்டியதில்லை. கைடு காலின் இரு பக்கமும் இருக்கும் சின்னச் சந்தில் காற்று அடைத்திருக்கும், அங்கே பிரஷ் நுனியால் நிதானமாக ஊட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து சுழற்சியை நிறுத்தினால் அதிகப்படி கீழ்ப்பக்கம் தொங்கும், அதைக் காய்ந்த பிரஷால் எடுத்துவிட்டு மறுபடி சுழல விடுங்கள். குமிழி மிஞ்சினால் ஸ்பிரிட் விளக்குச் சுடரைச் சற்றுத் தள்ளிக் காட்டி சட்டென்று எடுத்துவிட வேண்டும், நின்றுவிட்டால் பிளாங்க் கெடும். சொட்டாத நிலை வரும்வரை நான்கு மணி நேரமாவது சுழலட்டும்.

கெட்டியானதும் புது பிளேடால் பிசிறைச் சீவிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது கோட். தள்ளிப்போனால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக உரசித் துடைத்த பிறகுதான் போட வேண்டும். அடுத்த நாள் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனாலும் ஒரு வாரம் விட்டுவிட்டு அப்புறம் ராடை அணைக்கு எடுத்துப் போங்கள்.