டம்ளர், நறுக்கும் பலகை, இட்லித் தட்டு: குளியலறைக்கு ஒரு ஸ்டாண்ட் செய்வது எப்படி

சமையலறையில் ஓரம் கட்டிய பாத்திரம் எல்லாமே குளியலறைக்குப் பொருந்திவிடாது. அடுப்படியில் பாத்திரம் கழுவியதும் காய்ந்துவிடும். குளியலறையில் பொருள் நாள் முழுக்க ஈரத்தில் இருக்கும், சோப்பு நுரை படியும், உப்புத் தண்ணீர் வற்றி வெள்ளை பூக்கும், மாதம் ஒருமுறை ஆசிட் ஆவியும் படும். அதனால் எதை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். தண்ணீர் இதிலிருந்து முழுக்க வடியுமா? வடிந்த பிறகு எல்லாப் பக்கமும் காற்று பட்டுக் காயுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் எடுக்கலாம்.

முதலில், எடுக்கக் கூடாதவை. கண்ணாடி பாட்டிலை ஜாடிபோல் சுவரில் மாட்டுவது படத்தில் அழகாக இருக்கும். வெறுங்காலோடு, சோப்புக் கையோடு நடமாடும் இடத்தில் கண்ணாடி வேண்டாம். எண்ணெய் டின், பவுடர் டப்பா போன்ற தகர டப்பாக்கள் வெட்டிய விளிம்பிலிருந்து துருப்பிடிக்கும். பெயின்ட் அடித்தாலும் சீக்கிரமே உரியும். அலுமினியம் சோப்பின் காரத்தில் கறுத்து, சோப்பிலும் சாம்பல் கறை ஏற்றும். மரப்பலகையும் மூங்கில் பலகையும் பூஞ்சை பிடிக்கும், ஒட்டு விடும். பித்தளைக்குப் பச்சைக் களிம்பு ஏறும். அதைவிட, பழைய பித்தளையைத் துளைபோட்டு வீணாக்குவதற்குப் பாத்திரக் கடையில் எடைக்குப் போடுவது மேல்.

மிஞ்சுவது எவர்சில்வரும் கெட்டி பிளாஸ்டிக்கும். எவர்சில்வரிலும் ரகம் உண்டு. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், ஈரத்தைத் தாங்கும். விலை குறைந்த பாத்திரங்கள் பலவும் 200 வரிசை எஃகு. அதில் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்க்கிறார்கள். பழுப்புப் புள்ளி சீக்கிரம் வரும். காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி உண்மையைத்தான் சொல்லும். பலமாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத மலிவு எஃகாகவோ குரோம் பூசிய இரும்பாகவோ இருக்கும். ஒட்டவில்லை என்பதால் 304 ஆகிவிடாது, ஏனென்றால் 200 வரிசையிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. வருடக்கணக்காகத் தண்ணீர்ப் பானைமேல் கிடந்தும் புள்ளி விழாத டம்ளர் எதுவோ அதை எடுங்கள். அடியில் பாட்டி பெயர் வெட்டியிருந்தால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துளை போடுங்கள்.

மூன்று டம்ளர் ஸ்டாண்ட்

பல் துலக்கும் பிரஷ், சீப்பு, ரேசர் வைக்க இது போதும். பின்பலகையாக வெள்ளை பிளாஸ்டிக் காய் நறுக்கும் பலகை, சுமார் 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 10 மி.மீ. கனம். கத்தித் தடம் விழுந்து சமையலுக்கு ஒதுக்கிய பலகைக்கு இது நல்ல மறுவேலை. வெட்டுப்பட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடலாம். இந்தப் பலகை பாலிஎத்திலீன் என்பதால் தண்ணீர் ஊறாது. அதே காரணத்தால் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சிலிகான், ஃபெவிகுவிக், இருபக்க டேப் எல்லாமே சில நாளில் உரிந்து வரும். போல்ட் போட்டு இறுக்குவதுதான் வழி.

வாங்க வேண்டியவை: டம்ளருக்கு ஒன்றாக மூன்று ஹோஸ் கிளாம்ப் (ரப்பர் குழாயைச் சுற்றித் திருகால் இறுக்கும் பட்டை வளையம்), 4 மி.மீ. தடிமனும் 20 மி.மீ. நீளமும் உள்ள மூன்று எஸ்.எஸ். (எவர்சில்வர்) போல்ட், அவற்றுக்கு நட்டும் பெரிய வாஷரும், சுவருக்கு 8 நம்பர் எஸ்.எஸ். ஸ்க்ரூ 2½ அங்குலத்தில் நான்கு, 6 மி.மீ. ரால் பிளக் (சுவர்த் துளைக்குள் ஸ்க்ரூ பிடிக்கச் செருகும் பிளாஸ்டிக் உறை) நான்கு, அரை அங்குல பிளாஸ்டிக் பைப்பில் 12 மி.மீ. நீளத்துக்கு அறுத்த நான்கு வளையங்கள். கிளாம்ப் வாங்கக் கடைக்கு டம்ளரையே எடுத்துப் போங்கள். பட்டை 12 மி.மீ. அகலம் இருக்கட்டும், 8 மி.மீ. பட்டையில் துளை போட்டால் கிழியும். பட்டை எஸ்.எஸ்., திருகு மட்டும் இரும்பு என்று ஒரு ரகம் விற்கிறது. அதில் திருகு துருப்பிடித்துப் பலகையில் பழுப்புக் கோடு வடியும். திருகும் எஸ்.எஸ். தானா என்று கேட்டு வாங்குங்கள்.

டம்ளரைப் பக்கவாட்டில் துளைத்துப் பலகையோடு நேரே திருகிவிடலாமே என்று தோன்றும். உள்ளே ஸ்க்ரூடிரைவர் நேராக நுழையாது, எதிர்ப்பக்கச் சுவர் இடிக்கும். எப்படியோ மாட்டினாலும், பிறகு அடியில் சேரும் பற்பசைக் குழம்பைக் கழுவக் கழற்ற முடியாது. கிளாம்ப் வளையத்தில் டம்ளர் உட்கார்ந்திருந்தால் தூக்கி எடுத்துத் தேய்க்கலாம். டம்ளர் மேலே அகலம், கீழே குறுகல். வளையத்தில் ஆப்புபோலச் சிக்கி நிற்கும்.

அடியில் வடிதுளை போட வேண்டும். பெரும்பாலான டம்ளரின் அடி நடுவில் லேசாக மேலே எழும்பியிருக்கும், தண்ணீர் ஓரத்தில்தான் தேங்கும். நடுவில் ஒரு துளை போட்டுவிட்டுத் தண்ணீர் நிற்கிறதே என்று யோசிப்பது இதனால்தான். அடியும் பக்கமும் சேரும் வளைவுக்குச் சற்று உள்ளே, சம இடைவெளியில் மூன்று துளை, 4 மி.மீ. அளவில் போடுங்கள். டம்ளரைக் கவிழ்த்து, உள்ளே முட்டாக ஒரு மரக்கட்டையை நிறுத்தி, ஆணியால் ஒரு தட்டுத் தட்டிப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிரில் முனை வழுக்கி ஓடும். உலோகம் துளைக்கும் ஹெச்.எஸ்.எஸ். பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெயே போதும். வேகமாக ஓட்டி மெல்ல அழுத்தினால் பிட் வெட்டாமல் உரசும். உரசிய இடத்தில் எவர்சில்வர் சூடேறி இன்னும் கெட்டியாகும், பிறகு புதுப் பிட்கூட மழுங்கும். அப்படி ஆன புள்ளியை விட்டுவிட்டு அரை செ.மீ. தள்ளிப் போடுவது நல்லது.

டிரில் இல்லையென்றால் கான்கிரீட் ஆணியும் சுத்தியலும் போதும், ஆனால் டம்ளரின் உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் கிழிந்த விளிம்பு உள்பக்கம் எழும்பி, துளையைச் சுற்றி வரப்புபோல் நின்று தண்ணீரைத் தடுக்கும். எப்படிப் போட்டாலும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள், கழுவும்போது கையைக் கிழிக்கும்.

பலகையில், மேல் விளிம்பிலிருந்து 8 செ.மீ. கீழே ஒரு கோடு. வாய் 7 செ.மீ. உள்ள மூன்று டம்ளருக்கு இடையில் 4 செ.மீ. விட்டாலும் 29 செ.மீ. தான் ஆகும், இரு ஓரத்திலும் 3 செ.மீ. மிஞ்சும். டம்ளர் மையங்களில் 4 மி.மீ. துளை போடுங்கள். ஒவ்வொரு கிளாம்ப் பட்டையிலும் திருகுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே அளவுத் துளை போட்டு, போல்ட் தலை வளையத்தின் உள்ளே வரும்படி கோத்து, பின்னால் பெரிய வாஷர் வைத்து நட்டை இறுக்குங்கள். டம்ளரின் விளிம்புக்குக் கீழே 2 செ.மீ. வரும்போது நிற்கும் அளவுக்கு வளையத்தைச் சுருக்கினால் போதும். டம்ளரை உள்ளே வைத்துக்கொண்டு இறுக்கித் தள்ளினால் நசுங்கும். ஒரு வாரம் கழித்து நட்டை மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். இந்த பிளாஸ்டிக் அழுத்தத்தில் மெல்ல அமுங்கிக் கொடுக்கும்.

சுவரில் மாட்டும்போது

குழாய்க்கும் ஷவருக்கும் நேர் மேலும் கீழும், கீசர் குழாய்ப் பாதையிலும் துளை போடாதீர்கள். உள்ளே பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். சுவிட்சுப் பெட்டியின் நேர்கோட்டையும் தவிர்க்கவும். பலகையின் நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே டைலில் குறி வையுங்கள். குறிமேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பிட் வழுக்காது. டைல் கனத்தைத் தாண்டும் வரை டைல் பிட், டிரிலின் ஹாமர் (இடித்துத் துளைக்கும்) முறை வேண்டவே வேண்டாம். டைல் முடிந்து சிமென்ட் தூள் வந்ததும் சுவர் பிட்டுக்கு மாறி ஹாமர் போடலாம். ஆழம் 5 செ.மீ.

டைல் விரிசல் விடுவது துளை போடும்போது மட்டுமல்ல, ஸ்க்ரூ இறுக்கும்போதும்தான். ரால் பிளக்கின் வாய் டைலுக்குள்ளேயே நின்றால், ஸ்க்ரூ நுழைய நுழைய பிளக் விரிந்து டைலைப் பிளக்கும். பிளக்கை ஒரு ஆணியால் தட்டி, டைலுக்குப் பின்னால் செங்கல் பகுதிக்கு அனுப்பிவிடுங்கள். 2½ அங்குல ஸ்க்ரூ கேட்டது இதற்காகவே: பலகையும் வளையமும் 22 மி.மீ. எடுத்துக்கொண்டாலும் 4 செ.மீ.க்கு மேல் சுவருக்குள் போகும். பைப் வளையங்கள் பலகைக்கும் சுவருக்கும் நடுவே வரும். பின்னால் இருக்கும் நட்டுக்கு இடம் கிடைக்கும், சுவரும் காயும்.

இட்லித் தட்டு சோப்புக்கு

எவர்சில்வர் இட்லித் தட்டில் வடிதுளை ஏற்கெனவே இருக்கிறது, குழியும் சோப்பின் ஓரத்தை மட்டும் தாங்கி அடியில் காற்று விடும். துளை போடும் வேலையே இல்லை. துணி விரித்து ஊற்றும் பெரிய துளைத் தட்டு கிடைத்தால் இன்னும் நல்லது, அலுமினியமாக மட்டும் இருக்கக் கூடாது. ஸ்டாண்டில் எல்லாத் தட்டையும் வைத்தால் நடுவே கை நுழையாது. இரண்டை மட்டும் வைத்து, நடுக் கம்பியில் 8 செ.மீ. பைப் துண்டு கோத்து இடைவெளி கொடுங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் சின்னத் துளைகள் சில வாரத்தில் அடைபடும்; வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் திறக்கும்.

டிஃபன் கேரியர் ஈரமான எதற்கும் உதவாது. பஞ்சு, நாப்கின், பிளேடு, மாற்று ரேசர் முனை வைக்க ஏற்றது. கொக்கி இருப்பதால் குழந்தை சட்டென்று திறக்காது. ஆனால் அது காற்றுப் புகாத டப்பா இல்லை, ஷவர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். கரண்டி மாட்டும் ஸ்டாண்டை அப்படியே கொண்டுபோய் மக், நார், பிரஷ் மாட்டலாம். குரோம் பூசிய இரும்பாக இருந்தால் கொக்கி பற்றவைத்த இடத்தில் துரு முதலில் எட்டிப் பார்க்கும்.

தரைக்கு ஆசிட் ஊற்றும் நாளில் டம்ளர், தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, கழுவி முடித்துக் காற்றோட்டம் விட்டபின் திரும்ப வையுங்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மேலே படவே வேண்டாம், ஆவி மட்டுமே நல்ல எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளி வைக்கும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே குழி விழச் செய்யும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும், ஒருபோதும் சேர்க்காதீர்கள். கழற்ற முடியாத கிளாம்ப்புகளுக்கு மட்டும் ஆசிட்டுக்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் அடித்துத் துடைத்தால் போதும்.