உப்பான போர் தண்ணீரில் மீன்தொட்டி: எந்த மீன் எதோடு ஒத்துப்போகும்?

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படியும். வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற சேலத்தில் இதில் ஆச்சரியம் இல்லை. இந்தத் தண்ணீரிலும் இரண்டடித் தொட்டியில் மீன்கள் நன்றாக வாழ்கின்றன. மென்மையான தண்ணீர் கேட்கும் சின்ன மீனான நியான் டெட்ரா பத்தைக் கொன்ற பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது.

1. முதலில் தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவை அளந்து பாருங்கள். டிடிஎஸ் பேனா போதாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும்; கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. சொட்டு மருந்து கிட்தான் என் தேர்வு. தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் சோதனைப் பட்டைகள் ஒருமுறை ஈரம் பட்டால் வீண். நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். என் கிட்டில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி கடினம், அதாவது சுமார் 18 பிபிஎம் (பத்து லட்சத்தில் 18 பங்கு). போர் தண்ணீருக்கு 22 சொட்டு விட்டபின் நிறம் மாறியது. கிட்டத்தட்ட 390 பிபிஎம்.

2. எந்தத் தண்ணீர் என்பதை முடிவு செய்யுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நியான் வாங்கிய வாரம் சம்பில் காவிரித் தண்ணீர் இருந்தது. அளந்தேன், 8 சொட்டு. அடடா, மென்மையான தண்ணீர் என்று குஷியாகி மீனை விட்டேன். அடுத்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை; வீட்டில் மோட்டாரைப் போட்டு அதே சம்பில் போர் தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. பாதித் தண்ணீரை மாற்றினேன். இரண்டே நாளில் தொட்டி காலி. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஒரு வாரம் போனது. சும்மா ஒருநாள் சம்பை மறுபடி அளந்தபோது 19 சொட்டு!

அதனால், எப்போதும் கிடைக்கும் தண்ணீர் எதுவோ அதற்கேற்ற மீனை வாங்குங்கள். எனக்கு அது போர். தொட்டிக்கு வேண்டியதை சம்பில் கலக்காமல் போர் குழாயிலேயே நேராகப் பிடிக்கிறேன். குளோரின் கவலையும் இல்லை.

3. மீன். கப்பி, பிளாட்டி, மாலி மூன்றும் குட்டி போடும் இனங்கள். கடினத் தண்ணீர்தான் அவற்றுக்குப் பிடிக்கும். இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். அதில் ஆண் கப்பி ஆறு, பிளாட்டி நான்கு (ஒரு ஆண், மூன்று பெண்) போதும். பெண் கப்பி வேண்டாம். கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் சினையாக இருக்கும், அப்புறம் மாதாமாதம் குட்டிதான். மாலி இன்னும் பெரிதாகும். மூன்றடித் தொட்டி இருந்தால் பாருங்கள். பலூன் மாலி எனக்கு ஆகாது. அழகுக்காக முதுகெலும்பையே வளைத்து வளர்த்த மீன் அது.

ஃபைட்டர், டைகர் பார்ப் இரண்டும் கப்பியின் வாலைக் குதறும். ஏஞ்சல் வளர்ந்தால் கப்பியையே விழுங்கும். பாசி தின்னும் என்று கடையில் தரும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். பாசிக்கு நத்தை விடுங்கள். நம் தண்ணீரில் அதன் ஓடும் கெட்டியாக இருக்கும்.

4. விடும் முறை. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, தொட்டியை முன்கூட்டியே ஓடவிட்டுப் பழக்குவது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: பிஎச் 8 பக்கம் இருக்கும் தண்ணீரில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷம் கூடும். எனவே முதலில் நான்கு மீன், இரண்டு வாரம் கழித்து மீதி.

5. வெயிலில் தண்ணீர் குறைந்தால் ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினம் ஏறிக்கொண்டே போகும்.

பின்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர், கப்பி எல்லாம் மூலையில் ஒடுங்குகிறது என்று எழுதியிருந்தார். கடினம் சரியாகத்தான் இருந்தது. தண்ணீரின் வெப்பம் 17 டிகிரி செல்சியஸ்! மார்கழிக் குளிருக்கு அங்கே ஹீட்டர் இல்லாமல் கப்பி வேண்டாம். பிளாட்டி கொஞ்சம் கூடுதலாகக் குளிர் தாங்கும். ஆனாலும் அவருக்கு 50 வாட் ஹீட்டர்தான் வாங்கச் சொன்னேன்.